எதிர்ப்புப் படங்களைக் கையால் வரைவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு எங்கள் மாவட்டக் கடலோர ஊர்களில் கடும் எதிர்ப்பு இருக்கிறது. இதையொட்டி வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களில் பல, செயற்கை நுண்ணறிவு செய்து கொடுத்தவை. அவற்றில் வரும் கடற்கரை எங்கள் கடற்கரையே இல்லை. வள்ளத்தின் அணியம் (முன்பகுதி) வேறு மாதிரி, வலை வேறு மாதிரி. மறுதரப்புக்கும் 'எல்லாம் பொய் வீடியோ' என்று தள்ளிவிட வசதியாகப் போகிறது.

ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கரித்துண்டால் அனிமேஷன் செய்து வருகிறேன். சுவரில் ஒரு தாள், எதிரே ஸ்டாண்டில் போன். வரைந்து ஒரு போட்டோ. வள்ளத்தை அழித்து, அரை விரற்கடை தள்ளி வரைந்து அடுத்த போட்டோ. சினிமாவுக்கு நொடிக்கு 24 பிரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேம் நிற்கவிட்டால் 12 போதும். அப்படியும் ஒரு நிமிடத்துக்கு 720 படம். சன்னலை அடைத்து ஒரே பல்பு வெளிச்சத்தில் எடுக்க வேண்டும், போனில் வெளிச்ச அளவை லாக் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் படம் மினுங்கிக்கொண்டே இருக்கும்.

தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989-லேயே, நிறவெறி ஆட்சி நடந்தபோதே, இந்த முறையில் படம் எடுத்தார். ஜோகன்னஸ்பர்க் சுரங்க முதலாளியையும் மண்ணுக்கடியில் உழைத்தவர்களையும், ஒரே தாளில் அழித்து அழித்துக் காட்சி காட்சியாக வரைந்தார். கரியை எவ்வளவு துடைத்தாலும் தாளில் சாம்பல் நிறத் தடம் நிற்கும். அதை அவர் மறைக்கவில்லை. வள்ளவிளையில் கடல் கொண்டுபோன ஒரு வீட்டை அப்படி வரைந்து அழித்துப் பாருங்கள். வீடு இருந்த இடத்தில் அலை வந்துவிடும். அலைக்குள் சுவரின் கோடு மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் போட்டுக் கட்டும் தூண்டில் வளைவை வரைந்துகொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "கல்லு இன்னும் கடலுக்குள்ள போவும் மக்களே" என்று திருத்தினார். அப்புறம் அந்தக் கல் வந்தபிறகு பக்கத்து ஊர்க் கரை எப்படிப் போனது என்று பேச்சு நீண்டது. வீட்டுக்குப் போகவிருந்த பெண்களும் நின்றுவிட்டார்கள். மேடைக் கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் தாளின் முன்னால் பேசுகிறார்கள். மெதுவாகச் செய்வதால் கிடைக்கும் பெரிய லாபமாக இதைத்தான் சொல்வேன்.

சொல்ல வேண்டிய கதைக்கும் பஞ்சமில்லை. எங்கள் மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற அணுக்கனிமம் இருப்பதை ஜெர்மானியர் ஷோம்பெர்க் 1909-ல் கண்டறிந்தார். இங்கிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். ஒரு கயிறு, அதில் சில மணல் துகள். முதல் காட்சிக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்த வாரம் கூட்டம், இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கிறார்கள். சரி, பத்து நொடிப் படம் செய்யுங்கள். 120 படம்தான். நாலு பேர் சில சாயங்காலம் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

காட்ட இடம் கிடைப்பதுதான் கஷ்டம். ஒரு மன்றத்தில் கேட்டோம், அரசியல் படம் என்று மறுத்துவிட்டார்கள். அரசியல் படம்தான். காலடி மண்ணைத் தோண்டுவதா வேண்டாமா என்பதில் அரசியல் இல்லாமல் எப்படி இருக்கும்? கடைசியில் குருசடி (சிறு சிலுவைக் கோயில்) சுவரில் காட்டினோம். மாவட்டத்தில் ஊருக்கு ஊர் படிப்பகம் இருக்கிறது. மாதத்தில் ஒரு மாலை இந்தப் படங்களுக்குத் தர அவை முன்வர வேண்டும். தங்கள் இதழும் சினிமாப் பக்கத்தில் இவற்றுக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கி, செய்கிற பிள்ளைகளிடம் பேசி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.