விண்டோஸை அழிக்குமுன் ஒரு வாட்டி படி

பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு எல்லாரும் சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

சனிக்கிழமை லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் இயங்குதளம் போடப்போகிறேன் என்றாயே, அதற்குள் இதை நிதானமாகப் படித்துவிடு. கோப்புகளை நகலெடுப்பது பெரிய வேலை இல்லை. குற்றாலப் படத்தில் நிற்பது யார், எந்த வருஷம், வில்லுப்பாட்டு எந்த ஊர்க் கோயில் கொடையில் பாடியது என்கிற விவரமெல்லாம் பாதிக்கு மேல் கோப்புக்கு வெளியேதான் கிடக்கிறது. வழியில் தொலைவது அதுதான். அதில் விண்டோஸில் மட்டுமே முடிகிறதை அது ஓடும்போதே கோப்புக்குள் ஏற்றிவிட வேண்டும்.

லேப்டாப்பின் சேமிப்பு வட்டான பழைய எஸ்எஸ்டியை அழிக்காதே. புதிதாக ஒன்று வாங்கி அதில் மின்ட் போடு. பழையதை யூஎஸ்பி உறையில் போட்டு வெளியிலிருந்து படித்துக்கொள். எம்.2 வகை என்றால் அது என்விஎம்இயா, சாட்டாவா என்று ஸ்டிக்கரைப் பார்த்த பிறகு உறை வாங்கு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாற்றி வாங்கினால் வேலை செய்யாது.

கழற்றுமுன், படம் அடுக்கும் மென்பொருளான பிக்காசாவில் கைவைத்த படங்களைக் கவனி. கூகுள் அதை 2016-இலேயே நிறுத்திவிட்டாலும் நம் பழைய ஆல்பம் முழுக்க அதில் அடுக்கியதுதான். ஓரம் வெட்டியது, வெளிச்சம் கூட்டியது எதுவும் 'சேமி' கொடுக்கும்வரை படத்தில் ஏறாது. அந்தந்த ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் ஒரு சின்ன கோப்பில் குறிப்பாக மட்டும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு ஃபோல்டராகச் சேமித்துவிடு. மூலப்படங்கள் 'பிக்காசா ஒரிஜினல்ஸ்' என்ற மறைவான ஃபோல்டருக்குப் போயிருக்கும், அதையும் விடாதே. லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயர்கள் கண்ணுக்குத் தெரியா. கண்ட்ரோலையும் எச்சையும் சேர்த்து அமுக்கினால் தெரியும்.

இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் மேகக் குறி போட்ட படங்கள் உன் வட்டில் இல்லவே இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. ரைட் கிளிக் செய்து எப்போதும் இந்தச் சாதனத்திலேயே வைக்கும்படி கொடுத்து, இறங்கி முடியும்வரை காத்திரு. விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வை. கடைசியாக, ஷிஃப்டை அமுக்கிக்கொண்டே ஷட் டவுன் கொடு. இல்லாவிட்டால் விண்டோஸ் அரைத்தூக்கத்தில் நிற்கும். லினக்ஸ் அந்த வட்டைத் திறக்க மறுக்கும், அல்லது படிக்க மட்டும் விடும்.

நகலெடுக்க லினக்ஸில் உள்ள ஆர்சிங்க் கட்டளை போதும். 'ஏ' (-a) விருப்பத்தை மறக்காதே, மறந்தால் கோப்பின் தேதி நகலெடுத்த நாளாக மாறிவிடும். வாட்ஸப் படங்களுக்கு இது முக்கியம். கேமரா எழுதிய தேதியை வாட்ஸப் உரித்து எறிந்துவிடும். கோப்பின் பெயரிலும் கோப்புத் தேதியிலும்தான் மிச்சம். பெயரில் உள்ள நாளை எடுத்துப் படத்துக்குள் எழுத எக்ஸிஃப்டூல் இருக்கிறது. முதலில் பத்துப் படத்தின் நகலில் ஓட்டிப் பார்.

நீளமான தமிழ்ப் பெயர்களில் சில நகலாகாமல் நிற்கும். விண்டோஸ் 255 குறி வரை விடும் (எழுத்து ஒரு குறி, அதன் துணைக்குறி இன்னொரு குறி). லினக்ஸ் வட்டில் கோப்புகளை அடுக்கும் எக்ஸ்ட்4 முறையின் கணக்கு 255 பைட். தமிழில் ஒரு குறிக்கு 3 பைட். 'கொடை' என்கிற இரண்டெழுத்திலேயே நான்கு குறி, 12 பைட் போய்விடும். ஆக 85 குறி, எழுத்துக் கணக்கில் சுமார் ஐம்பதுதான். பாடியவர், ஊர், கோயில், தேதி எல்லாவற்றையும் பெயரிலேயே கோத்து வைத்திருக்கும் வில்லுப்பாட்டுப் பதிவுகள் இதில் மாட்டும். பெயரைச் சுருக்கி, விவரத்தைக் கிட்3 என்ற மென்பொருளில் டேக்காக, அதாவது கோப்புக்குள்ளேயே நிற்கும் குறிப்பாக எழுது.

அந்தக் கேசட் பதிவுகள் வேவ் கோப்புகள். ஒரு மணி நேரம் 635 எம்பி. ஃபிளாக்காக மாற்று: ஒலி துளியும் குறையாது, இடம் ஏறத்தாழப் பாதியாகும், டேக்கும் ஒழுங்காக நிற்கும். எம்பி3 பாட்டுகளை எம்பி3-யாகவே விடு. வேறு வடிவத்துக்கு மாற்றினால் ஏற்கெனவே குறைந்த ஒலி இன்னும் குறையும்.

பழைய பாட்டுப் பெயர்கள் புரியாத ஐரோப்பிய எழுத்தாகத் தெரிந்தால் பயப்படாதே. அது பழைய எழுத்துரு முறை, திஸ்கி என்ற முறையாக இருந்தால் ஐகான்வ் கட்டளை மாற்றித் தரும். வரிசையாகக் கேள்விக்குறி நின்றால் அந்தப் பெயர் போனது போனதுதான், நீயே கேட்டு எழுத வேண்டும். பிளேலிஸ்ட்களில் 'டி' டிரைவ் வழியும் பின்சாய்ந்த கோடும் இருக்கும், டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து மாற்று. ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் லினக்ஸில் செல்லும்.

படங்களை அடுக்க டிஜிகாம் என்ற மென்பொருளை வைத்துக்கொள். குறிச்சொல், தலைப்பு, முகப்பெயர் எல்லாவற்றையும் படத்துக்குள்ளேயே எழுதும்படி அமைப்பில் முதல் நாளே போட்டுவிடு, அடுத்த தடவை வேறெங்கு போனாலும் கூடவே வரும்.

பெயர் சுருக்குவது, டேக் எழுதுவது இரண்டையும் சரிபார்த்த பிறகு வைத்துக்கொள். நகலெடுத்து முடித்த கையோடு அதே ஆர்சிங்க்கை 'சி', 'என்', 'ஐ' (-c -n -i) சேர்த்து இன்னொரு முறை ஓட்டு. நகலெடுக்காமல், உள்ளடக்கத்தை ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் காட்டும். ராத்திரி போட்டுவிட்டுப் படு, நேரம் பிடிக்கும். பட்டியலில் நகலாகாத அந்த நீளப் பெயர்களைத் தவிர ஒரு கோப்பும் வராவிட்டால் எனக்குப் போன் பண்ணு.

பழைய எஸ்எஸ்டியை ஆடிக் கொடைக்கு வரும்போது எடுத்து வா. இங்கே பீரோவில் இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா