பல்லைச் சீவுவதற்கு முன்

சிவமயம்

காரைக்குடி,
புரட்டாசி 12

அன்புள்ள உமையாளுக்கு,

உன்னைப் பெற்ற ஆத்தா எழுதுவது. நேற்றிரவு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மேல்வரிசைப் பற்கள் பத்துக்கும் வெனீர் என்ற மெல்லிய பீங்கான் வில்லையை ஒட்டினால் நீ எப்படி இருப்பாய் என்று கணினியில் செய்து காட்டியிருக்கிறார்கள். இரண்டு முறை வந்தால் போதும், தை மாதக் கல்யாணத்துக்கு வெகு முன்னதாகவே முடிந்துவிடும் என்று மருத்துவர் சொன்னதாகவும், முன்பணம் கட்டட்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். இப்போது கட்டாதே. தொலைபேசியில் சொன்னால் நீ பாதியிலேயே மறுபேச்சுப் பேசுவாய், எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

நிச்சயத்தன்று எடுத்த படங்களை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தேழு படங்கள். ஒன்றில்கூட உன் பல் தெரியவில்லை. வீட்டு வளவு முழுக்கக் கேட்கும்படி சிரிக்கிற பெண், உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறாய். அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எனக்குத் தெரியாத பழக்கமா அது? ஆகவே பல்லைச் சரிசெய்ய நினைப்பது வீண் ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படி யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

நான் சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வதை நீ சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறாய். கூச்ச சுபாவம் என்று நினைத்திருப்பாய். நீ கைக்குழந்தையாக இருந்தபோது, முன்பல் இரண்டும் லேசாகத் திரும்பியிருக்கின்றன என்று வெளியூரில் ஒரு மருத்துவரிடம் போனேன். கிளிப் போட்டால் ஒன்றரை வருடம் ஆகும், கேப் என்ற உறை போட்டால் ஒரே வாரம் என்றார். ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். பல்லைச் சீவி முடித்ததும் வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள். கிண்ணத்தில் துப்பினேன், வெள்ளையாகத் தூள் மிதந்தது. நாக்கால் தடவிப் பார்த்தேன். பல் இருந்த இடத்தில் இரண்டு முளைகள். தச்சர் நாற்காலிக் காலைத் துளையில் செருகுவதற்கு முன் நுனியை இழைத்து ஒடுக்கி வைப்பாரே, அப்படி. சொத்தையில்லாத, வலியில்லாத என் பல்லில் பாதிக்கு மேல் அந்தக் கிண்ணத்தில் போயிருந்தது. முழு உறை மாட்டுவதற்கு அவ்வளவு சீவியாக வேண்டும் என்று முன்கூட்டியே எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆறு வருடம் கழித்து அதில் ஒரு பல் விண்விண்ணென்று வலித்தது, வேர் சிகிச்சை செய்தார்கள். பிறகு ஈறு கொஞ்சம் மேலேறியது. அந்தக் காலத்துக் கேப்பின் உள்ளே உலோகம் இருக்கும், மேலேதான் பீங்கான். ஈறு விலகியதும் அந்த ஓரம் கறுப்புக் கோடாகத் தெரியத் தொடங்கியது. அன்று எடுத்த முந்தானைதான். கேப்பை மாற்றிய பிறகும் கை தானாக வாய்க்குப் போகிறது.

உனக்குச் சொன்னது கேப் அல்ல, வெனீர் என்பது எனக்குப் புரிகிறது. அது பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டுகிற மெல்லிய பீங்கான் வில்லை. சீவுவதும் குறைவு, பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை. கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் முன்பல்லின் மேலோடான எனாமலே அவ்வளவு தடிப்பானதில்லை, ஈறோரத்தில் இன்னும் மெல்லியது. நம் உடம்பிலேயே கெட்டியான பொருள் அதுதான், ஆனாலும் நகம்போலத் திரும்ப வளராது. பீங்கான் வெனீர் நன்றாகச் செய்தால் பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும். இப்போது உனக்கு 27 வயது. நாற்பதை ஒட்டி ஒருமுறை, ஐம்பத்தைந்தை ஒட்டி ஒருமுறை, எழுபதை ஒட்டி ஒருமுறை என்று பத்துப் பல்லையும் மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பல் போகும். இந்தக் கணக்கை அந்த மருத்துவர் உனக்குப் போட்டுக் காட்டினாரா?

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 1928இல் கலிஃபோர்னியாவில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் சினிமா நடிகர்களுக்காக இப்படிப்பட்ட மெல்லிய உறைகளைச் செய்து கொடுத்தாராம். பல்செட் ஒட்டுகிற பொடியால் தற்காலிகமாக ஒட்டுவது. படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிடுவார்கள், கீழே அவரவர் பல் அப்படியே இருக்கும். எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கி அதன்மேல் பிசினை உறுதியாகப் பிடிக்கவைக்கலாம் என்று புவோனோகோர் என்பவர் 1955இல் காட்டிய பிறகுதான் நிரந்தரமாக ஒட்டுவதற்கு வழி பிறந்தது. அந்தக் கண்டுபிடிப்பால் எத்தனையோ பேருக்கு நன்மை. உனக்கும் அதுதான் உதவப்போகிறது, ஆனால் வேறு விதமாக.

அம்மான் வீட்டு முகப்புச் சுவர் உனக்கு நினைவிருக்கும். சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசித் தேய்த்தது. நீ சின்னப் பிள்ளையில் வெயிலில் விளையாடிவிட்டு வந்து கன்னத்தை வைத்துக்கொள்வாய், சில்லென்று இருக்கும். ஓரிடத்தில் மங்கல் விழுந்தது என்பதற்காகச் சுவர் முழுவதும் பெயிண்ட் அடிக்க ஆள் வைத்தார்கள். வழவழப்பில் பெயிண்ட் பிடிக்காது என்று அவர்கள் சுவரை உளியால் கொத்திவிட்டு அடித்தார்கள். நாலு மழைக்காலத்தில் பெயிண்ட் உரிந்தது. இப்போது போனால் பார், கொத்திய தழும்பு அத்தனையும் தெரிகிறது. ஈரத்துணியால் துடைத்திருந்தாலே மங்கல் போயிருக்கும் என்று அம்மான் இன்றைக்கும் சொல்லி மாய்கிறார்.

உன் வாயில் இருப்பது என்ன? மூன்றே குறைகள். நிறம் சற்று மஞ்சள். ஒன்பது வயதில் வளவுத் தூணில் மோதி உடைந்த முன்பல்லின் மூலை. இடப்பக்கத் தெற்றுப்பல். இந்த மூன்றுக்கும் பத்துப் பல்லைச் சீவ வேண்டுமா?

முதலில் ஸ்கேலிங் செய்துகொள், பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். காபிக் கறையும் காரையும் போனாலே பாதி நிறம் தெளியும். ஈறும் ஆரோக்கியமாக இருக்க வேண்டும், வீங்கிய ஈறின் ஓரத்தில் எதை ஒட்டினாலும் நிற்காது. சொத்தை இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்கச் சொல். அதன் பிறகு பிளீச்சிங், அதாவது பல்லை வெளுக்கவைப்பது. ஒரே மணி நேரத்தில் மருத்துவமனையில் செய்வதும் உண்டு, ஆனால் எனக்குப் பிடித்தது வீட்டில் செய்கிற முறை. உன் பல்லுக்கு அளவெடுத்து ஒரு மெல்லிய தட்டு செய்து கொடுப்பார்கள். அதில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை வைத்து இரவில் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். இரண்டு வாரம் போல ஆகும். பல் கூசினால் ஓரிரவு விட்டுவிட்டுத் தொடரலாம், கூச்சம் தானாக அடங்கிவிடும். 1989இலிருந்து மருத்துவர்கள் பயன்படுத்துகிற முறை இது. இந்த நாட்களில் கறுப்புக் காபியும் கவுனி அரிசியும் வேண்டாம். அழகு நிலையத்தில் செய்கிறார்கள் என்று யாராவது கூப்பிட்டால் போய்விடாதே. பின்னால் பிள்ளை உண்டாகியிருக்கும்போதும் பிளீச்சிங் செய்வதில்லை, நினைவில் வைத்துக்கொள்.

பிளீச்சிங் முடிந்து இரண்டு வாரம் பொறுத்து, உடைந்த மூலைக்குக் காம்போசிட் என்ற பல் நிறப் பிசினை வைக்கச் சொல். முன்னாலேயே வைத்துவிட்டால் பல் வெளுக்கும், காம்போசிட் வெளுக்காது, இரண்டு நிறமாகிவிடும். உடனே வைத்தாலும் பிடிமானம் குறையும். பல்லைச் சீவாமல், அல்லது பெயருக்குத் தொட்டுவிட்டு, பிசினைக் குழைத்து மூலையை வடிவமைத்து ஒளி காட்டி இறுகச் செய்வார்கள். ஒரே அமர்வு. ஐந்தாறு வருடத்தில் கறை பிடிக்கலாம், ஓரம் பெயரலாம். பரவாயில்லை, அதன்மேலேயே செப்பனிடலாம், உன் பல்லுக்கு ஒன்றும் ஆகாது. நீ விழுந்த அன்று அந்தத் துண்டைப் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடியிருந்தால் அதையே ஒட்டியிருப்பார்கள் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். அப்பத்தா பால்பல் என்று நினைத்துச் சாணியில் உருட்டி ஓட்டின்மேல் எறிந்தார். அன்று யாருக்கு என்ன தெரியும்.

தெற்றுப்பல்லைத் தை மாதத்துக்குள் தொடவே வேண்டாம். வரிசையைவிட்டு வெளியே நிற்கிற பல்லை வெனீரால் உள்ளே தள்ளியதுபோலக் காட்ட வேண்டுமானால் முகப்பை ஆழமாகச் சீவ வேண்டும், எனாமலைத் தாண்டி உள்ளே போய்விடும். அதைச் சரிசெய்யும் நேர்வழி நகர்த்துவதுதான். கிளிப் பிடிக்காவிட்டால் அலைனர் போட்டுக்கொள். வெளியே தெரியாத கண்ணாடி போன்ற தட்டு. ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும், ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடுத்த தட்டுக்கு மாற வேண்டும். கல்யாணக் களேபரம் ஓய்ந்த பிறகு நிதானமாகத் தொடங்கு. முடிந்ததும் ரிடெய்னர் என்ற தட்டை இரவில் மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பும். இதற்குப் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரையே பார். தெற்றுப்பல் அப்படியே இருக்கட்டும் என்று நீ நினைத்தால் எனக்கு மிகவும் சந்தோஷம். அது என் அம்மாவிடமிருந்து உனக்கு வந்தது. ஆனால் வாய் உன்னுடையது.

வெனீரே தவறு என்று நான் சொல்லவில்லை. சிறுவயதில் சாப்பிட்ட டெட்ராசைக்ளின் மாத்திரையால் பல் உள்ளிருந்தே கருத்தவர்களுக்கு, பிளீச்சிங்கில் அசையாத கறைக்கு, அது வரம்தான். இத்தனையும் செய்த பிறகும் உன் மனம் நிறையாவிட்டால் அப்போது போகலாம், நானே கூட வருகிறேன். அப்போதும் பல்லைத் தொடுவதற்கு முன் மாதிரியைப் பல்லின்மேல் தற்காலிகமாக ஒட்டிக் காட்டச் சொல். கண்ணாடியில் பார், பேசிப் பார், சிரித்துப் பார். பிடிக்காவிட்டால் எடுத்துவிடுவார்கள். இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உனக்கு உண்டு என்பதையும் மருத்துவரிடம் மறைக்காதே, கடிப்பவர்களுக்குப் பீங்கான் உடையும்.

திருப்பூட்டு அன்று கழுத்திருத் தாலியைப் பூட்டும்போது போட்டோக்காரர் எதிரில்தான் நிற்பார். நீ பல் தெரியச் சிரிக்க வேண்டும், அது எந்த நிறத்தில் இருந்தாலும்.

நாளைக்கே அந்த மருத்துவரைப் பார்த்து, எந்தெந்தப் பல்லில் எத்தனை மில்லிமீட்டர் சீவுவார், ஏன் சீவுவார் என்று எழுதி வாங்கு. அவர் முகம் சுளித்தால் வேறொருவரைப் பார். பிளீச்சிங் தட்டு கிடைத்ததும் சொல், தீபாவளிக்கு நீ வருவதற்குள் வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியும் உளுந்தும் எடுத்து வைக்கிறேன்.

உன் ஆத்தா