கதையில் மன்னிப்பு அவசரமாக வர வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பருவத்தில் ஆளுக்கொரு சிறுகதை எழுதுகிறார்கள். விசுவாசத்திலிருந்து பிறக்கும் இரக்கமும் மன்னிப்பும்தான் பொருள். முதல் வரைவுகளைத் தமிழாசிரியர்களோடு சேர்ந்து படித்தேன். படித்ததில் தோன்றியதை உங்களிடம் சொல்ல வேண்டும்.

மொழி நன்றாக வந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலான கதைகளில் மன்னிப்பு அவசரமாக வந்துவிடுகிறது. நண்பன் துரோகம் செய்கிறான். அடுத்த பத்தியில் ஒரு பிரசங்கம் கேட்கிறான். அதற்கடுத்த பத்தியில் இருவரும் கட்டித் தழுவிக்கொள்கிறார்கள். ஏமாற்றப்பட்டவன் என்ன பாடுபட்டான் என்று ஒரு வரிகூட இல்லை. காயம் எழுதப்படாத கதையில் மன்னிப்புக்கு எடை இருக்காது.

வேதாகமம் இப்படி அவசரப்படுவதில்லை. யோசேப்பின் கதையைப் பிள்ளைகளோடு மறுபடி வாசித்துப் பாருங்கள். பதினேழு வயதில் அண்ணன்மாரால் வெறுக்கப்பட்டு விற்கப்பட்டவர் அவர். பல ஆண்டுகள் கழித்துத் தானியம் வாங்க அவர்கள் எகிப்துக்கு வந்து, அங்கே அதிபதியாகிவிட்ட அவர்முன் நிற்கும்போது, பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறார். உடனே மன்னித்துவிட்டாரா? கடுமையாகப் பேசுகிறார், காவலில் வைக்கிறார், சோதிக்கிறார், அவர்களை விட்டு அப்பால் போய் அழுகிறார். ஆதியாகமம் 42ஆம் அதிகாரத்தில் தொடங்கும் இந்தத் தவிப்பு 45ஆம் அதிகாரத்தில்தான் முடிகிறது. அதை முடித்து வைப்பது யூதாவின் பேச்சு. தம்பியை விற்றுவிடலாம் என்று அன்று யோசனை சொன்ன அதே யூதா, இன்று கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் யோசேப்பு உடைந்து அழுது, தான் யார் என்று சொல்கிறார். கதை எழுதக் கற்கும் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

லூக்கா 15இல் வரும் கெட்ட குமாரன் கதையில் மன்னிப்பு ஓடியே வருகிறது. சொத்தில் தன் பங்கை அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகன் தூரத்தில் வரும்போதே தகப்பன் “மனதுருகி, ஓடி” அணைத்துக்கொள்கிறார். கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்று வழியெல்லாம் தயார் செய்துவந்த வார்த்தையைச் சொல்லக்கூட அவனுக்கு வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஆனால் அதே வீட்டில் மூத்த மகன் கோபத்தோடு வெளியே நிற்கிறான். அவன் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லவே இல்லை. அந்த மூத்தவனின் கண்ணில் கதையை எழுதிப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம்.

மூத்த வாசகர்கள் விக்டர் ஹியூகோவின் 1862ஆம் ஆண்டு நாவலை அறிவார்கள். சுத்தானந்த பாரதியார் அதை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்தார். பத்தொன்பது ஆண்டுகள் சிறையிலிருந்து வந்த ழான் வல்ழான், தனக்கு இடம் கொடுத்த பிஷப்பின் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு போகிறான். காவலர் பிடித்து வந்ததும் பிஷப், அவை நான் கொடுத்தவை என்று சொல்லி, வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுக்கிறார். எல்லோருக்கும் நினைவிருப்பது இவ்வளவுதான். அதன் பிறகும் அவன் ஒரு சிறுவனின் காசைக் காலால் மிதித்து மறைத்துக்கொள்கிறான். பிறகுதான் தன்னைக் கண்டு கதறுகிறான். மன்னிக்கப்பட்டவன் மறுநாளே நல்லவனாகிவிடவில்லை. அந்த நேர்மைதான் நாவலை நம்ப வைக்கிறது.

இரக்கத்துக்கும் இதே அளவுகோல்தான். “உதவி செய்தான்” என்று முடித்துவிடக் கூடாது. இயேசு சொன்ன கதையில் நல்ல சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரக்காரனிடம் பணம் கொடுத்தான், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். செய்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். மன்னிப்பது என்றால் நடந்த தவறை மறைப்பது என்று எந்தப் பிள்ளையும் புரிந்துகொள்ளக் கூடாது. அடிக்கிறவரை, மிரட்டுகிறவரை மன்னித்துவிட்டு வாய்மூடி இரு என்று எங்கள் வகுப்பில் யாரும் கற்பிக்க மாட்டார்கள். கதையில் சொந்த வேதனை தெரிந்தால் அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசுவோம். தேவைப்பட்டால் பாதுகாப்புக்கான நடவடிக்கையும் எடுப்போம்.

வேறு சமயப் பிள்ளைகள் தங்கள் நம்பிக்கையிலிருந்தோ, நம்பிக்கை எதுவும் பேசாமலோ எழுதலாம். மதிப்பெண்ணில் அது எந்த வேறுபாட்டையும் உண்டாக்காது.

வீட்டில் உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். கதையைத் திருத்திக் கொடுக்காதீர்கள், முடிவை இனிமையாக்கச் சொல்லாதீர்கள். உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், “அப்போது அவனுக்கு எப்படி இருந்தது?” என்று மட்டும் கேளுங்கள். மன்னிக்க முடியாமல் நின்றுபோகும் கதையையும் நாங்கள் ஏற்றுக்கொள்வோம். திருத்திய பிரதியை மாத இறுதிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்