எஸ்போசிட்டோங்கிற பேருக்கு அந்த ஒத்தை வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல இத்தாலிக்காரங்க குடும்பப் பேர் பத்தி வந்த கட்டுரை பெரும்பாலும் நல்லா இருந்துச்சு, ரோஸ்ஸின்னா செம்பட்டை முடிக்காரங்க வம்சம், ரிச்சின்னா சுருட்டை முடி, ஃபெராரின்னா கொல்லர் வீடு, டி லூக்கான்னா லூக்காவோட பிள்ளைங்கன்னு எல்லாம் சரியாத்தான் எழுதியிருந்தீங்க. ஆனா எஸ்போசிட்டோவுக்கு மட்டும் ‘தூக்கி எறியப்பட்டவன்’னு ஒத்தை வரி போட்டு பக்கத்துல குப்பைத்தொட்டி படம் வேற போட்டிருக்கீங்க, அது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. இத்தாலியில அதிகமா இருக்கிற பேர்கள்ல முதல் பத்துக்குள்ள வர்ற பேர் அது, நேப்பிள்ஸ் பக்கம் போனா தெருவுக்குத் தெரு இருக்கும்.

அந்த பேரு வந்தது லத்தீன்ல இருந்து, வெளியே வைக்கப்பட்ட குழந்தைன்னு அர்த்தம். எறியிறது வேற, வைக்கிறது வேற சார். நேப்பிள்ஸ்ல அனுன்சியாத்தான்னு ஒரு பெரிய மாதா கோயில், அதை ஒட்டி ஒரு ஆஸ்பத்திரி, அதோட சுவர்ல ஒரு திறப்பு, அதுக்குள்ள சுத்துற மாதிரி ஒரு மர உருளை, ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். ராத்திரியில குழந்தையோட வர்ற பொம்பளை அதை உருளைக்குள்ள படுக்க வச்சு உள்பக்கமா திருப்பி விட்டுட்டு மணி அடிச்சா உள்ள இருக்கிறவங்க வந்து எடுத்துக்குவாங்க, வச்சது யாருன்னு பாக்க முடியாது, கேக்கவும் மாட்டாங்க. எத்தனை மணிக்கு வந்துச்சு, என்ன துணி சுத்தியிருந்துச்சு, கூட என்ன இருந்துச்சுன்னு ரிஜிஸ்டர்ல எழுதி வைப்பாங்க. வீட்ல சோத்துக்கு வழியில்லாதவங்க, கல்யாணம் ஆகாம பெத்தவங்க, தாய் செத்துப்போய் பால் கொடுக்க ஆள் இல்லாத குழந்தையைத் தூக்கிட்டு வந்த அப்பாக்கள்னு எல்லாரும் அங்க வந்திருக்காங்க. ஊர் சனங்க அந்த பிள்ளைங்களை மாதாவோட பிள்ளைங்கன்னுதான் கூப்பிட்டாங்க. 1875ல அந்த உருளையை மூடிட்டாங்க.

புளோரன்ஸ்ல இன்னும் பழசு. பட்டு வியாபாரிங்க சங்கம் காசு போட்டு, புருனெலெஸ்கிங்கிற பெரிய கட்டடக் கலைஞர் பிளான் போட்டு 1419ல வேலை ஆரம்பிச்ச இன்னொசென்ட்டி இல்லம், குழந்தைகளுக்காகவே கட்டினது, 1445 பிப்ரவரி 5ஆம் தேதி முதல் குழந்தை வந்துச்சு, அன்னிக்கு புனித ஆகத்தா திருநாள், அதனால அந்த பொண்ணு பேர் ஆகத்தா. முகப்புல வரிசையா துணி சுத்தின கைக்குழந்தைகளை நீல வட்டத்துக்குள்ள களிமண்ல பண்ணி வச்சிருப்பாங்க, 15ஆம் நூற்றாண்டுல அந்திரேயா தெல்லா ரோப்பியா செஞ்சது. இப்ப அது மியூசியம், அங்க சின்னச் சின்ன டப்பாக்கள்ல பாதியா வெட்டின பதக்கம், பாதி காசு, மணி, துணித் துண்டுன்னு வச்சிருக்காங்க. பாதியை குழந்தை கழுத்துல கட்டிட்டு மீதிப் பாதியை அம்மா வச்சுக்குவாங்க, என்னைக்காவது நல்ல காலம் வந்தா திரும்பி வந்து இது என் பிள்ளைன்னு காட்டுறதுக்கு. தூக்கி எறியறவங்க யாராவது அப்படி பண்ணுவாங்களா? நிறைய பேரால திரும்பி வர முடியல, நிறைய குழந்தைங்க பிழைக்கவும் இல்ல, கிராமத்துல பால் கொடுக்கிற பொம்பளைங்ககிட்ட காசு கொடுத்து வளர்க்க விட்டாங்க, அதுல பிழைச்சு வந்தவங்களோட பேரப்பிள்ளைங்க தலைமுறைதான் இன்னிக்கு இந்த பேர்கள்ல இருக்கிற பலரும்.

ஊருக்கு ஊரு பேரு மாறும். புளோரன்ஸ் பக்கம் இன்னொசென்ட்டி, தெலின்னொசென்ட்டி, நொசென்ட்டினி. ரோம் பக்கம் புரொயெட்டி. மிலன்ல அந்த மாதிரி ஆஸ்பத்திரியோட சின்னம் புறா, இத்தாலியன்ல புறாவுக்கு கொலம்போ, அதனால கொலம்போ. இன்னும் சில இடத்துல தியோத்தல்லேவின்னு வச்சாங்க, கடவுள் உன்னை வளர்க்கட்டும்னு அர்த்தம், எனக்கு இருக்கிறதுலயே பிடிச்ச பேர் அதுதான்.

இன்னொன்னும் உங்க கட்டுரையில விட்டுப்போச்சு. குடும்பப் பேர் எல்லாருக்கும் ஒட்டிக்கிட்டதுல, கத்தோலிக்க ஆயர்கள் கூடின டிரென்ட் மகாசபைக்கு பெரிய பங்கு இருக்கு. 1563ல முடிஞ்ச அந்த சபை கோயில்கள்ல ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாத்துக்கும் ரிஜிஸ்டர் வைக்கணும்னு கட்டாயமாக்குச்சு. அதுக்கு முன்னாடி சாதாரண சனங்க நிறைய பேருக்கு பியெத்ரோ மகன் ஜொவான்னின்னு சொன்னா போதும். ஆனா ரிஜிஸ்டர்னு ஒன்னு வந்த பிறகு அப்பா யாருன்னே தெரியாத குழந்தைக்கும் ஏதாவது ஒன்னு எழுதியாகணும்ல, அங்கதான் இந்த பேர்கள் தலைமுறை தலைமுறையா நிலைச்சது. குழந்தை பண்ணாத தப்புக்கு அதோட பேரன் வரைக்கும் அடையாளம் ஒட்டிக்கிச்சு, அதை நான் நியாயப்படுத்தல.

அரசாங்கங்களுக்கே அது தப்புன்னு புரிஞ்சது. நெப்போலியனோட தங்கச்சி வீட்டுக்காரர் முரா நேப்பிள்ஸ் ராஜாவா இருந்தப்பவே (1808-1815) இனிமே எஸ்போசிட்டோன்னு பேர் வைக்கக்கூடாதுன்னு தடை போட்டார், மிலன்லயும் பிறகு கொலம்போ வைக்கிறதை நிறுத்தினாங்க. ஆனா ஏற்கனவே பேர் வாங்கினவங்க அதை மாத்தல, பிள்ளைங்களுக்கும் கொடுத்தாங்க. அப்பா பேர் இருக்க வேண்டிய இடத்துல என்.என்.னு, அதாவது பேர் தெரியாதுன்னு போடுற பழக்கம் ரொம்ப நாள் ஓடுச்சு, 1955ல சட்டம் போட்டுத்தான் சான்றிதழ்கள்ல அப்பா அம்மா பேர் கேக்கிறதையே எடுத்தாங்க. 2000ல வந்த விதிகள்ல, பெத்தவங்க தெரியாத குழந்தைக்கு அந்த விஷயம் வெளிய தெரியிற மாதிரி பேர் வைக்கக்கூடாதுன்னே எழுதியிருக்கு. 2022ல அரசியலமைப்பு நீதிமன்றம் பிள்ளைக்கு தானா அப்பா பேர் மட்டும் போகுறதே செல்லாதுன்னு சொல்லிடுச்சு.

இதுல ஒரு எச்சரிக்கையும் சொல்லணும், கொலம்போன்னு இருக்கிற எல்லாரும் ஆஸ்பத்திரியில வளர்ந்தவங்க வம்சம் இல்ல, புறா வளர்த்த வீட்டுக்கும் அந்த பேர் உண்டு. அமெரிக்கா பக்கம் கப்பல்ல போன கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஜெனோவாவுல கம்பளி நெய்யிற தொமேனிக்கோ கொலம்போவோட மகன், அவரை இந்த கணக்குல சேர்க்க முடியாது. 1606ல மதுரைக்கு வந்து தத்துவ போதகர்னு பேர் வாங்கின இத்தாலி பாதிரியார் டி நொபிலி விஷயமும் வேற, அது பிரபுக்கள் வீட்டுப் பேர். ஒரு பேரோட அர்த்தத்தை வச்சு அந்த வீட்டுக் கதையே தெரிஞ்ச மாதிரி எழுதக்கூடாது.

அதனால நான் கேக்கிறது ரெண்டே விஷயம். அடுத்த ஞாயிறு இணைப்புல எஸ்போசிட்டோவுக்கு போட்ட அர்த்தத்தை திருத்தி, அந்த குப்பைத்தொட்டி படம் தப்புன்னு ஒரு வரி போடுங்க. முடிஞ்சா புளோரன்ஸ் இல்லத்துல இருக்கிற அந்த பாதிப் பதக்கங்களைப் பத்தி முழுப் பக்கக் கட்டுரை ஒன்னு போடுங்க, குழந்தைங்களுக்கும் படிச்சுக் காட்டலாம்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகி,
தஞ்சாவூர்