ரிக்கார்டருக்குப் பை

டேய் மாப்ள,

உன் மெயில் பார்த்தேன். பொண்ணு காலேஜ் சேந்துட்டாளா, ரொம்ப சந்தோஷம்டா, ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு ரெண்டு மாசம் அழுவா, அப்புறம் லீவு விட்டாலும் வீட்டுக்கு வரமாட்டா பாரு. இங்க மொரீஷியஸ்ல எல்லாரும் சௌக்கியம். காத்ர் போர்ன்ல வீடு மாத்தியாச்சு, ஜன்னல தொறந்தா கோர் த கார்த் மலையும் சரிவுல நம்ம முருகன் கோயிலும் தெரியுது.

சரி, கூத்து ரிக்கார்ட் பண்ணப் போறேன், எந்தப் பை வாங்கலாம்னு கேட்டிருக்க. நீ அனுப்பின லிங்க்ல இருக்கறது கேமரா முதுகுப்பை, அத வாங்காத. ஒவ்வொரு தடவையும் இறக்கி வச்சு தொறக்கணும், அதுக்குள்ள கட்டியங்காரன் வந்து பேசிட்டுப் போயிருவான். ஆர்கா, கே-டெக், போர்ட்டாபிரேஸ் கம்பெனிகள்ல வர்ற சவுண்ட் பையெல்லாம் வயித்துக்கு முன்னாடி தொங்கும், மேல பார்த்துத் தொறக்கும், குனிஞ்சா ரிக்கார்டரோட சத்த அளவு காட்டற மீட்டர் தெரியும், ரெண்டு பக்கமும் கேபிள் நுழைய வழி இருக்கும், அவ்வளவுதான் விஷயம். பெருசா எடுத்தா இடம் இருக்குன்னு எதையாவது போட்டு ரொப்பிருவ, உன்னை எனக்குத் தெரியாதா.

எடை கழுத்துல இறங்கக்கூடாது. இங்க தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை, வெயில்ல காவடி கூடவே நடக்கணும், ஒத்தை ஸ்டிராப்ப தோள்ல மாட்டினா சாயங்காலம் கழுத்து திரும்பாது. ரெண்டு தோளுக்கும் போற ஹார்னஸ் வாங்கு, இடுப்பு பெல்ட் உள்ளது இன்னும் நல்லது, காசு போனா போகட்டும். ஆனா நீ ஸூம் கம்பெனியோட சின்ன ரிக்கார்டர் எஃப்3 மட்டும்தான் எடுக்கறேன்னா ஹார்னஸ் எல்லாம் வேணாம், அது கால் கிலோ கூட இல்ல, 32 பிட் ஃப்ளோட்ல பதியும், அதாவது சத்தம் கூடினாலும் குறைஞ்சாலும் அப்புறமா சரி பண்ணிக்கலாம், அதனால சத்தத்த ஏத்தி இறக்கற கெயின் நாபே கிடையாது, தொட வேண்டியதே இல்லன்னா மேல தொறக்கற பை எதுக்கு, இடுப்புப் பையே போதும். அதே கம்பெனியோட பெரிய ரிக்கார்டர் எஃப்6னா கதை வேற, பேட்டரி, வயர்லெஸ் மைக் ரிசீவர்னு சேந்துகிட்டே போகும்.

கடைக்காரன் சொல்லாதது ஒண்ணு, பையே சத்தம் போடும்டா. வெல்க்ரோவ பிரிச்சா மைக்ல டர்ர்ருனு விழும், ஜிப்புல தொங்கற இரும்பு நாக்கு நடக்க நடக்க கிளிங் கிளிங். நான் அத கழட்டிட்டு கயிறு கட்டி வச்சிருக்கேன். வாங்கறதுக்கு முன்னாடி ஹெட்ஃபோன் மாட்டிட்டு கடைக்குள்ளயே நடந்து பாரு, பார்க்கறவன் சிரிச்சா சிரிக்கட்டும். செல்போன பைக்குள்ள போடாத, வயர்லெஸ் இருந்தா ரிசீவர் ஒரு பக்கம், டிரான்ஸ்மிட்டர் மறுபக்கம்.

அப்புறம் ஈரம். கீழ வெயில் அடிக்கும், மேட்டுல இருக்கற க்யூர்பிப் ஊருக்கு ஏறினா தூறல், ப்ளாக் ரிவர் காட்டுக்குள்ள கிளிச் சத்தத்துக்குப் போனா சட்டை காயவே காயாது. ஏசி கார்லேர்ந்து இறங்கின உடனே பைய தொறந்தா குளிர்ந்த மைக்ல தண்ணி கோத்துக்கும், கண்டென்சர் மைக் பொரிய ஆரம்பிச்சிரும். மூடின மேனிக்கே வெளிச்சூட்டுக்கு வரட்டும், அப்புறம் தொற. நனைஞ்ச பைய வீட்ல வந்து மூடி வைக்காத, சிலிக்கா பொட்டலமெல்லாம் அதுக்கு ஈடு குடுக்காது.

ப்ளைட்ல வந்தா ஸ்பேர் லித்தியம் பேட்டரி எல்லாம் கைப்பையில, ஒவ்வொண்ணும் 100 வாட் ஹவர் தாண்டாம பாத்துக்க, செக்-இன்ல போடவே கூடாது. சோனி மாதிரி பேட்டரில பெருசு கூட அதுல பாதிதான், கவலைப்படாத.

மதுரைல ஸ்கூல் பை தைக்கிற ஆளுங்க இருக்காங்கல்ல, ரிக்கார்டர கையோட எடுத்துட்டுப் போய் அளவு குடுத்தா தைச்சுத் தந்துருவாங்க, முன்பக்கம் மட்டும் தொங்கிப்போகாம உள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு வைக்கச் சொல்லு. எஃப்3யா எஃப்6ஆன்னு முடிவு பண்ணிட்டு எழுது, அளவு நான் போட்டு அனுப்பறேன். அம்மாவ கேட்டதா சொல்லு.