மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊர்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்களில் ஒருவருடைய இரவு விவாதத்தில் உக்ரைன் போர் பற்றிப் பேச்சு வந்தது. நெறியாளர் வரைபடத்தில் சிவப்பு தீட்டிய பகுதியைக் காட்டி, "டொனெட்ஸ்க் காலங்காலமாக ரஷ்யாவின் ஊர். இப்போது திரும்பக் கிடைத்திருக்கிறது" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த நால்வரில் ஒருவர்கூட மறுக்கவில்லை. அடுத்த நிமிடம் ஏவுகணை விலைக்குப் போய்விட்டார்கள்.

டொனெட்ஸ்க் கிழக்கு உக்ரைனில் இருக்கிறது. 2014இல் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகள் அதைக் கைப்பற்றினார்கள். 2009 முதல் 2014 வரை அந்த ஊரில் மருத்துவம் படித்தவள் நான். மறுநாள் காலையிலேயே அந்தத் தொலைக்காட்சிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. இதே வாக்கியத்தை வேறு இரண்டு இடங்களிலும் முன்பு கேட்டிருக்கிறேன் என்பதால் இப்போது உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள். சத்தமில்லாமல் காணொளியை வெட்டிவிடாமல், தவறு என்று நேயர்களிடம் சொல்லித் திருத்துங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நினைப்பீர்கள். கடைசி இரண்டு வருடம் நான் ஒரு பாட்டியின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். ஆறாவது மாடி. என்னை 'தோச்கா' என்றுதான் கூப்பிடுவார். மகளே என்று அர்த்தம். கணவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, நான் போவதற்கு முன்பே இறந்துவிட்டார். பாட்டி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. எப்போதாவது போனில் பேசுவோம். போர் பற்றி அவர் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. பேச்சு தண்ணீரில் ஆரம்பித்துத் தண்ணீரில் முடியும்.

2025 கோடையில் டொனெட்ஸ்க்கில் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் விட்டார்கள், அதுவும் சில மணி நேரம். அழுத்தம் குறைவு என்பதால் பாட்டியின் ஆறாம் மாடிக்கு அது ஏறவே இல்லை. கீழ் வீட்டுப் பையன் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் புட்டிகளில் பிடித்து ஏற்றிக் கொடுத்திருக்கிறான். துருப்பிடித்த பழுப்பு நிறத் தண்ணீர். குளியல் தொட்டியில் ஊற்றி, மண் அடியில் தங்கும்வரை தொடாமல் வைப்பாராம். காய் கழுவிய தண்ணீரில் தரை துடைத்து, தரை துடைத்ததைக் கழிப்பறைக்கு ஊற்றுவாராம். "குளிப்பது பண்டிகை மாதிரி ஆகிவிட்டது தோச்கா" என்றார். பத்து லட்சத்தை ஒட்டிய மக்கள் இருந்த ஊர் அது. நான் இருந்தபோது அந்த வீட்டில் இரவு இரண்டு மணிக்கும் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது தெரியுமா? டொனெட்ஸ்க் என்ற பெயரே சிவெர்ஸ்கி டொனெட்ஸ் ஆற்றிலிருந்து வந்தது. ஆனால் அந்த ஆறு ஊர் வழியாக ஓடுவதில்லை. வடக்கே ஸ்லோவியான்ஸ்க் பக்கம் ஓடுகிறது. அங்கிருந்து 130 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒரு கால்வாயை 1950களில் வெட்டினார்கள். 1958இல் தண்ணீர் வந்தது. 1961இல் ஊருக்கு ஆற்றின் பெயர் வந்தது. 2014க்குப் பிறகு எட்டு ஆண்டுகள் போர்முனை அந்தக் கால்வாயைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனபோதும், இரண்டு பக்கத்துக்கும் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது. குண்டு விழுந்த குழாயை ஒட்டவைக்கப் போன நீர்வாரியத் தொழிலாளர்கள் சிலர் உயிரையே கொடுத்தார்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா முழுப் படையெடுப்பைத் தொடங்கியபின் அந்த வழி அடைபட்டது. டான் ஆற்றிலிருந்து ரஷ்யா அவசரமாகப் போட்ட குழாய் ஊருக்குப் போதவில்லை. எந்த ஆற்றின் பெயரை ஊர் சுமக்கிறதோ, அந்த ஆற்றின் தண்ணீர் இன்று அந்த ஊருக்கு வருவதில்லை. "திரும்பக் கிடைத்திருக்கிறது" என்று உங்கள் நெறியாளர் சொன்னது இந்த ஊரைத்தான்.

சரி, 'காலங்காலமாக' என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்த ஊருக்கு வயதே 160 ஆகவில்லை. 1869இல் லண்டனில் ஒரு கம்பெனி பதிவாகிறது. அதை ஆரம்பித்த ஜான் ஹியூஸ், வேல்ஸ் நாட்டின் மெர்தர் டிட்வில் என்ற இரும்பாலை ஊரில் பிறந்தவர். ரஷ்யப் பேரரசுக்கு ரயில் தண்டவாளம் வேண்டும், அதை வெளியே வாங்காமல் உள்ளேயே வார்க்க வேண்டும். அதற்காக 1870இல் எட்டுக் கப்பல்களில் இயந்திரங்களையும், பெரும்பாலும் தெற்கு வேல்ஸைச் சேர்ந்த சுமார் நூறு தொழிலாளர்களையும் ஏற்றிக்கொண்டு கல்மியூஸ் நதிக்கரையின் புல்வெளிக்கு வந்தார். ஒரு காலத்தில் ஸாப்போரீஷியக் கொசாக்குகள் என்ற உக்ரைனியப் போர்வீரர்கள் திரிந்த நிலம் அது. பக்கத்திலேயே நிலக்கரி, சுண்ணாம்புக்கல், இரும்புத்தாது. முதல் ஊதுலை சில நாளிலேயே அணைந்துபோனது. 1872 ஜனவரியில்தான் இரும்பு ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஹியூஸ் என்ற பெயர் உள்ளூர்க்காரர்கள் வாயில் யூஸ் ஆகி, ஊர் யூசோவ்கா ஆனது.

அன்றிலிருந்தே தண்ணீர்தான் இந்த ஊரின் பிரச்சினை. ஹியூஸ் மருத்துவமனை, பள்ளிக்கூடம், பொதுக் குளியலறைகள், தேநீர்க் கூடம் எல்லாம் கட்டினார். ஆனால் ஆங்கிலேயர் காலனி என்று அழைத்த பகுதிக்கும், மண்ணைத் தோண்டிக் குடிசை போட்டு வாழ்ந்த தொழிலாளர் பகுதிக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 1892இல் காலரா வந்தது. நோயை விட வேகமாக ஆத்திரம் பரவி ஊர் கலவரமானது. கடைகள் சூறையாடப்பட்டன, யூதர்கள் தாக்கப்பட்டார்கள், படை வந்துதான் அடக்கியது. அந்த ஊரில் மருத்துவம் படித்தவள் என்பதால் அந்த வருடம் என் மனதில் தனியாக நிற்கிறது. குடிக்கும் தண்ணீர் கெட்டால் என்ன ஆகும் என்று அந்த ஊர் ஒரு முறை பார்த்துவிட்டது.

ரஷ்யாவின் ஒரியோல், கூர்ஸ்க் பக்கமிருந்து கூலிக்கு வந்தவர்கள், பக்கத்துக் கிராமங்களின் உக்ரைனியர், யூதர், கிரேக்கர், போலந்துக்காரர், தாத்தார்கள் என்று எல்லோரும் இங்கே வந்து சேர்ந்தார்கள். பின்னாளில் சோவியத் தலைவரான குருஷேவ், பிழைப்புத் தேடி வந்த குடும்பத்தோடு 1908இல் யூசோவ்காவுக்கு வந்த பையன்தான். 1917 வரை ரஷ்யப் பேரரசு, அப்புறம் சோவியத் உக்ரைன், 1991 முதல் சுதந்திர உக்ரைன். பேரரசுக் காலத்தை நான் மறைக்கவில்லை. அந்த ஒரு காலத்தை மட்டும் எடுத்து 'காலங்காலமாக' என்று சொல்லாதீர்கள் என்கிறேன்.

1920களில் ஊருக்கு ஸ்டாலின் பெயர் வந்தது. 1961 வரை அது ஸ்டாலினோ. அந்தப் பெயரில் இருந்தபோதுதான் 1932-33 பெரும்பஞ்சம் உக்ரைனைத் தின்றது. இதில் உங்கள் தொழிலோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. அந்தப் பஞ்சத்தை உலகத்துக்குத் தன் பெயர் போட்டு எழுதிய நிருபர் கேரத் ஜோன்ஸ், வேல்ஸ்காரர். அவருடைய அம்மா யூசோவ்காவில் ஹியூஸின் பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அம்மா சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை 1933 மார்ச்சில் உக்ரைனியக் கிராமங்களில் கால்நடையாக நடந்து, பசித்தவர்களிடம் பேசி, அதை எழுதினார். மாஸ்கோவில் இருந்த பெரிய பத்திரிகைகளின் நிருபர்கள் சிலர் அவர் சொல்வது பொய் என்றார்கள். இந்த ஊரைப் பற்றிப் பேசும்போது உங்கள் தொழிலில் இப்படியும் ஒருவர் இருந்தார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மானிய ஆக்கிரமிப்பு 1941 அக்டோபர் முதல் 1943 செப்டம்பர் வரை. கொல்லப்பட்டவர்களை ஒரு சுரங்கக் குழிக்குள் ஆயிரக்கணக்கில் தள்ளினார்கள். பாட்டி அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார்.

அவர் மீண்டும் மீண்டும் சொல்வது 1989ஆம் ஆண்டுக் கதை. அதைச் சொல்வதற்கு முன், சுரங்கத் தொழிலாளியை நீங்கள் அருகில் பார்த்ததில்லை என்றால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வார்டுக்கு வருபவர்களில் யார் சுரங்கத்துக்காரர் என்று கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். எவ்வளவு தேய்த்தாலும் இமையோரத்தில் கரித்தூசி தங்கி, மை தீட்டியது போல இருக்கும். நுரையீரலின் எக்ஸ்ரே அதற்கு மேல் சொல்லும். ஸஸ்யாட்கோ சுரங்கத்தில் 2007 நவம்பரில் மீத்தேன் வெடித்து 101 பேர் இறந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தச் சாவு இன்னும் எல்லோர் வீட்டிலும் இருந்தது. இப்படிப்பட்ட சுரங்கத் தொழிலாளர்கள்தான் 1989 ஜூலையில் ஊரின் மையச் சதுக்கத்தில் வேலைநிறுத்தம் செய்து உட்கார்ந்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று சோப்பு. ஆமாம், குளிக்கிற சோப்பு. ஒரு வல்லரசுக்கே நிலக்கரி தோண்டிக் கொடுத்தவனுக்கு உடம்பில் ஒட்டிய கரியைக் கழுவ சோப்பு கிடைக்கவில்லை. பாட்டியின் கணவர் அந்தச் சதுக்கத்தில் இருந்தார். "அன்றைக்கு சோப்பு இல்லை, தண்ணீர் இருந்தது. இன்றைக்கு சோப்பு இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, பேச்சை அங்கேயே நிறுத்தினார் பாட்டி.

இரண்டு வருடம் கழித்து, 1991 டிசம்பர் 1 அன்று, உக்ரைன் சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா என்று கேட்டபோது டொனெட்ஸ்க் மாகாணத்தில் வாக்களித்தவர்களில் 83.9 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 'காலங்காலமாக ரஷ்யா' என்று சொல்பவர் இந்த எண்ணை எங்கே வைப்பார்?

அங்கே எல்லோரும் ரஷ்ய மொழிதானே பேசுகிறார்கள் என்று விவாதத்தில் ஒருவர் சொன்னார். உண்மைதான். 2001 கணக்கெடுப்பில் நகர மக்களில் சுமார் 88 சதவீதம் பேர் தாய்மொழி ரஷ்யன் என்றார்கள். அதே கணக்கெடுப்பில் தங்களை ரஷ்யர் என்றவர்கள் 48 சதவீதம், உக்ரைனியர் என்றவர்கள் 47 சதவீதம். பாட்டி ரஷ்ய மொழிதான் பேசுவார், உக்ரைனியர் என்றுதான் சொல்லிக்கொள்வார். இது உங்களுக்கா புரியாது? யாழ்ப்பாணத்திலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர்களெல்லாம் தமிழ்நாட்டுக்குச் சொந்தம் என்று உங்கள் ஸ்டுடியோவில் யாராவது சொன்னால் சும்மா விடுவீர்களா?

உக்ரைனிய மொழியின் பெருங்கவிஞர்களில் ஒருவரான வாசில் ஸ்டூஸ் வளர்ந்ததும் படித்ததும் இந்த ஊரில்தான். சோவியத் முகாமில் 1985இல் இறந்தார். அவர் படித்த கட்டடத்தில் இருந்த அவருடைய புடைப்புச் சிற்பத்தை 2015இல் பிரிவினைவாதிகளின் நிர்வாகம் அகற்றியது. பல்கலைக்கழகம் வின்னித்ஸியாவுக்கு இடம்பெயர்ந்து அவர் பெயரை வைத்துக்கொண்டது. சுரங்கத் தொழிலாளி என்ற பெயரையே வைத்துக்கொண்ட ஷாக்தார் கால்பந்து அணி 2014க்குப் பிறகு சொந்த மைதானத்தில் ஆடவே இல்லை. பத்து லட்சம் ரோஜாக்களின் ஊர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட இடத்தில் இஸொல்யாட்ஸியா என்ற பழைய தொழிற்சாலை கலைக்கூடமாக மாறியிருந்தது. 2014 ஜூனில் ஆயுதக் குழுவினர் அதைப் பிடித்துச் சிறையாக்கினார்கள். உள்ளே சித்திரவதை நடந்தது என்று அங்கிருந்து வெளியே வந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இதில் எதையும் உங்கள் திரையில் நான் பார்த்ததில்லை. 2022இல் உக்ரைனிலிருந்து திரும்பிய பிள்ளைகளிடம் விமான நிலைய வாசலிலேயே மைக்கை நீட்டி, "பயமா இருந்துச்சா?" என்று கேட்டீர்கள். அழும்வரை கேட்டீர்கள். அந்த ஊர் எப்படிப்பட்டது, உங்களை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெளிநாடு என்றால் உங்களுக்கு ஒரு வரைபடம், ஓர் அம்புக்குறி, பின்னணியில் ஒரு வெடிச்சத்தம் போதும். அங்கே ஆறாவது மாடியில் ஒரு கிழவி குளியல் தொட்டியில் மண் தங்குவதற்காகக் காத்திருக்கிறாள் என்பது உங்கள் வரைபடத்தில் வராது. போரால் பராமரிப்பின்றிக் கைவிடப்பட்ட சுரங்கங்களில் இறைப்பான்கள் நின்று, பூமிக்கடியில் கெட்ட நீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதும் வராது. கீழே வெள்ளம், மேலே தாகம்.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலையின் அவசரம் எனக்குப் புரிகிறது. பணிவாகவே கேட்கிறேன். "டொனெட்ஸ்க் காலங்காலமாக ரஷ்யாவின் ஊர்" என்பது தவறு என்று, அது சொல்லப்பட்ட அதே நேரத்தில், அதே நிகழ்ச்சியில் சொல்லுங்கள். முடிந்தால் அரை மணி நேரம் ஒதுக்கி அந்த ஊரின் கதையைச் சொல்லுங்கள். டொனெட்ஸ்க்கில் படித்த மருத்துவர்கள் தமிழ்நாட்டில் என்னைப்போல் இன்னும் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவோம். கரிமேடுகளை அங்கே தெரிகோன் என்பார்கள். எங்கள் விடுதி ஜன்னலிலிருந்து எடுத்த தெரிகோன் படங்கள், சதுக்கத்து ரோஜாக்கள், பாட்டி வீட்டுச் சமையலறை எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அவருடைய முகத்தை மட்டும் காட்ட மாட்டேன். அவர் இன்னும் அங்கேதான் இருக்க வேண்டும்.

திருத்தம் எந்தத் தேதியில் வரும் என்று ஒரு வரி பதில் போட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
டொனெட்ஸ்க்கில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மருத்துவர்