கடைசி அயிட்டம் மெயின் அயிட்டம் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாத விலைப்பட்டியலில் நாங்கள் ஒரு தப்பு செய்துவிட்டோம். அமெரிக்க வாட்வில் தியேட்டர்களின் பழைய நிகழ்ச்சித் தாள்கள் பதினொன்று போட்டிருந்தோமே, அவற்றில் நான்கு தாள்களுக்குக் கடைசி வரியில் இருந்த பெயரை 'முக்கியக் கலைஞர்' என்று குறித்து, அதற்கேற்ற விலையும் வைத்துவிட்டோம். தாள் கைக்குப் போன மறுநாளே ஒருவர் போன் செய்தார். "சார், கடைசியில் இருப்பது நாய் வித்தைக்காரர். நட்சத்திரம் அதற்கு முந்தின வரியில் இருக்கிறார்" என்றார்.

அவர் சொன்னது சரி. பட்டிமன்றத்தில் நடுவர் கடைசியில் பேசுவார், அரசியல் கூட்டத்தில் தலைவர் கடைசியில் வருவார். அந்தக் கண்ணோடு அமெரிக்கத் தாளைப் படித்ததால் வந்த வினை. விலை திருத்தம் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்தத் தாள்களை எப்படிப் படிப்பது என்று கொஞ்சம் எழுதிவிடுகிறேன். எங்களுக்கும் இது இப்போதுதான் புத்தியில் ஏறியிருக்கிறது.

வாட்வில் என்பது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எட்டு, ஒன்பது அயிட்டங்களை ஒரே டிக்கெட்டில் காட்டும் மேடை. பாட்டு, கரணம், ஜக்லிங், இருவர் பேசிச் சிரிக்க வைப்பது, குட்டி நாடகம், பழக்கிய விலங்கு என எல்லாம் உண்டு. பாஸ்டனில் பி. எஃப். கீத் என்பவர் 1885-இல் காலை முதல் இரவு வரை நிற்காமல் காட்சி ஓட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். குடும்பத்தோடு வரலாம் என்பதுதான் அவருடைய விளம்பரம். நாளடைவில் கீத்தும் அவருடைய கூட்டாளி ஆல்பியும் ஊருக்கு ஊர் தியேட்டர் வைத்துக்கொண்டார்கள். 1906-இல் நியூயார்க்கில் ஒரு புக்கிங் அலுவலகமும் எழுந்தது. எந்தக் கலைஞர் எந்த வாரம் எந்த ஊரில் என்பதை அந்த அலுவலகம் தீர்மானித்தது, சம்பளத்தில் ஐந்து சதவீதத்தையும் எடுத்துக்கொண்டது.

அந்த அலுவலகத்துக்குக் கண்ணும் காதுமாக இருந்தவர் தியேட்டர் மேனேஜர். திங்கட்கிழமை அந்த வாரத்துக்கான புதுக் கலைஞர்கள் செட்டாக வந்து இறங்குவார்கள். மேனேஜர் அன்றைய முதல் காட்சியை உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொரு அயிட்டத்துக்கும் நாலைந்து வரி எழுதித் தலைமையிடத்துக்கு அனுப்ப வேண்டும். 1902 முதல் இப்படி எழுதப்பட்ட அறிக்கைகள் கட்டுக்கட்டாக அயோவா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. பத்திரிகை விமர்சனம் மாதிரி அழகான நடை எதுவும் அவற்றில் எதிர்பார்க்காதீர்கள். சரக்கு வந்து இறங்கியதும் கிட்டங்கிக் கணக்கர் எழுதும் குறிப்பு மாதிரிதான். உதாரணத்துக்கு நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன்: "இருவர், பாட்டும் பேச்சும். 16 நிமிஷம், முன்படுதா. முதல் ஐந்து நிமிஷம் எடுபடவில்லை. முடிவு நன்றாக இருந்ததால் தப்பித்தார்கள். மாமியார் ஜோக்கை எடுக்கச் சொல்லிவிட்டேன். வரிசையில் இந்த இடத்துக்கு மேல் போட்டால் தாங்க மாட்டார்கள்."

இதில் 'முன்படுதா' என்பதைக் கவனியுங்கள். நம் நாடக சபாக்களில் பின்னால் தர்பார் ஜோடிக்கும்போது முன்னால் தெருப்படுதாவை இறக்கிவிட்டுப் பபூனை அனுப்புவார்களே, அதே வேலைதான். முழு மேடையும் தேவைப்படுகிற ட்ரபீஸ் (அந்தர ஊஞ்சல்) காரர்களுக்கும் நாடகக்காரர்களுக்கும் நடுவே, முன்படுதாவுக்கு இந்தப் பக்கம் நின்று பாடுபவர் ஒருவர் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சாமான் மாற்றும்வரை சபை கொட்டாவி விடும். அதனால் எத்தனை நிமிஷம், எவ்வளவு மேடை என்ற இரண்டும் மேனேஜருக்குத் திறமைக்குச் சமமான விஷயம்.

அப்புறம் வரிசை. நியூயார்க்கில் 1913 மார்ச்சில் திறந்த பேலஸ் தியேட்டரில் ஒன்பது அயிட்டம் கொண்ட செட் எப்படி அமையும் என்பதை, அங்கே புக்கிங் பார்த்த ஜார்ஜ் காட்லீப் விளக்கியிருக்கிறார். முதலில் பேச்சில்லாத அயிட்டம். ஜனங்கள் உள்ளே வந்து சீட்டுத் தேடிக்கொண்டிருக்கும்போது பேசினால் யாருக்குக் கேட்கும்? இரண்டாவது, சபையை மெல்ல நிமிர வைக்கும் பாட்டு மாதிரி ஒன்று. மூன்றாவதில் கொஞ்சம் கனமான குட்டி நாடகம். ஐந்தாவது முடிந்தால் இடைவேளை. வெளியே போனவர்கள் 'அடுத்து என்ன' என்று பேசிக்கொண்டே போக வேண்டும் என்பதால் அந்த இடத்துக்குப் பெரிய பெயர் தேவை. எட்டாவதுதான் எல்லாரும் காத்திருக்கும் ஆள், பெரும்பாலும் ஒரு நகைச்சுவைக்காரர். ஒன்பதாவது வரும்போது பாதிப் பேர் தொப்பியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீன் பக்கம் நகர்வார்களே, அந்த நேரம் என்று வையுங்கள். எழுந்து போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஆடுவதற்குக் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் அயிட்டமே லாயக்கு: விலங்குகள், அந்தரத்தில் பறப்பவர்கள். எங்கள் நாய் வித்தைக்காரர் அங்கே வந்ததன் காரணம் இதுதான்.

ஆனால் கடைசி வரியோ முதல் வரியோ மட்டமான சரக்கு என்றும் நினைத்துவிட வேண்டாம். 1920-இல் பாப் பென்டர் என்பவரின் கரணக்குழு இங்கிலாந்திலிருந்து நியூயார்க் வந்தது. கட்டைக்கால் நடை, கரணம், ஊமைக்கூத்து: முதலிலோ கடைசியிலோ போடுகிற வகைதான். பிறகு அவர்கள் கீத் தியேட்டர்களையும் சுற்றி வந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த பதினாறு வயதுப் பையன் ஆர்ச்சி லீச்தான் பிற்காலத்து ஹாலிவுட் நட்சத்திரம் கேரி கிராண்ட். குழுவின் பெயர்தான் தாளில் இருக்கும், பையனின் பெயரைத் தேடாதீர்கள்.

மேனேஜர்களின் மதிப்பீட்டை அப்படியே நம்பவும் கூடாது. பாஸ்டனில் குழந்தைகளோடு வந்த சபை ரசித்தது வேறு ஊரில் விழாமல் போகும், அங்கிருந்து இன்னொரு மேனேஜர் 'சம்பளம் அதிகம்' என்று எழுதுவார். கீத் தியேட்டர்களுக்கு 'ஞாயிறு பள்ளி' என்று கலைஞர்கள் கேலிப்பெயர் வைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஒட்டிய அறிவிப்பில் சாதாரணக் கெட்ட வார்த்தைகள்கூடத் தடை. எதை வெட்டினோம் என்பதையும் மேனேஜர் அறிக்கையில் எழுதினார். ஆனால் கறுப்பின மக்களைக் கேலி செய்ய முகத்தில் கரி பூசி ஆடியது அவர்கள் கணக்கில் ஆபாசம் ஆகவில்லை. ஐரிஷ், யூத, ஜெர்மானியக் குடியேறிகளை வைத்த கேலியும் அப்படித்தான். 1907-இல் நியூயார்க்கில் ரஸ்ஸல் சகோதரர்கள் ஐரிஷ் வேலைக்காரிகளாக வேஷம் கட்டியபோது ஐரிஷ்காரர்கள் தியேட்டருக்குள்ளேயே கலாட்டா செய்த பிறகுதான் அந்த வேஷம் பிரச்சினை ஆனது. எங்களிடம் வரும் தாள்களில் கரி முகப் படங்கள் உண்டு. அவற்றை மறைக்காமல், பட்டியலில் அது என்னவென்று எழுதித்தான் விற்போம். பரிசாக வாங்குகிறவர்கள் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொரு சங்கதி. அச்சிட்ட தாளில் இருப்பது நடந்த வரிசை என்று சொல்ல முடியாது, திட்டமிட்ட வரிசைதான். திங்கட்கிழமை முதல் காட்சியில் எடுபடாததை மேனேஜர் கீழே தள்ளுவார், எதிர்பாராமல் கைதட்டல் வாங்கியதை மேலே கொண்டுவருவார், சிலரை மூட்டை கட்டச் சொல்லிவிடுவார். ஆனால் தாள் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். அதனால்தான் பல தியேட்டர்களில் மேடையின் பக்கவாட்டில் எண்ணோ எழுத்தோ காட்டும் பலகை இருந்தது. அது காட்டும் எண்ணைத் தாளில் தேடிப் படித்துக்கொள்ள வேண்டும். பழைய தாளில் பென்சிலால் யாரோ அம்புக்குறி போட்டு வரிசையை மாற்றியிருந்தால், அந்த வாரம் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அது ஒரு துப்பு. எங்களுக்கு அது அழுக்கு இல்லை.

சரி, காசு விஷயம். தப்பாகக் குறித்த நான்கு தாள்களை வாங்கியவர்கள் திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் தபால் செலவும் தருகிறோம். வைத்துக்கொள்வதானால் விலையில் மூன்றில் ஒரு பங்கு திரும்ப வரும். இந்த மாதப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு தாளுக்கும் எத்தனை அயிட்டம், இடைவேளை எங்கே, கடைசிக்கு முந்தின பெயர் எது, பென்சில் குறி உண்டா என்று தனித்தனியே எழுதுகிறோம். பென்சில் குறி உள்ளவற்றின் விலை கூடத்தான் செய்யும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பென்சில் குறியை அழித்துத் தரச் சொல்லியிருந்த வாடிக்கையாளருக்கு மட்டும்: ஐயா, அழிக்கவில்லை. இரண்டாவது வரியிலிருந்து எட்டாவதுக்கு ஓர் அம்பு போகிறது, அதை நீங்களே ஒரு தடவை பாருங்கள். அதற்கப்புறமும் வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள், கேட்டு வைத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
கடையிலிருந்து